செடிப் படுகையிலிருந்து மீத்தேன் கிளம்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செடிப் படுகையில் ஏதாவது கோளாறு என்றால் பழி முதலில் செடி மேல்தான் விழும். "கல்வாழையைப் புடுங்கிட்டு வெட்டிவேர் வெச்சா சரியாயிடும் சார்" என்று யாராவது சொல்வார்கள். சில நேரம் அது சரிதான். பல நேரம் செடியை மாற்றிய பிறகும் அதே குமிழி, அதே நாற்றம். படுகையிலிருந்து எவ்வளவு வாயு கிளம்பும் என்பதில் செடிக்கு மூன்றாவது இடம்தான். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது முதலிடம். உள்ளே எவ்வளவு சேறு போகிறது என்பது அடுத்தது. இரண்டையும் பார்த்துவிட்டுச் செடிக்கு வந்தால்தான் எதை நட்டால் என்ன ஆகும் என்று பேச முடியும்.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர், மாதவரம் பக்கம் ஒரு பள்ளியிலோ குடியிருப்பிலோ சின்னத் தொழிற்கூடத்திலோ இப்படி ஒரு படுகையைப் பார்த்துக்கொள்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜல்லி நிரப்பிய தொட்டி, மேலே செடி, ஒரு முனையில் செப்டிக் டேங்க் தண்ணீர் நுழைந்து மறுமுனையில் தெளிந்து வரும் அமைப்பு. புத்தகங்களில் இதற்குச் செயற்கை ஈரநிலம் என்று பெயர்.

கவலைப்பட வேண்டிய வாயுக்கள் இரண்டு. ஒன்று மீத்தேன். காற்று போகாத இடத்தில் அழுக்கு மக்கும்போது உண்டாகும். 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 27 மடங்கு சூடேற்றும். இன்னொன்று நைட்ரஸ் ஆக்சைடு. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போதும், நைட்ரேட் நைட்ரஜனாக மாறும் வேலை பாதியில் நின்றுபோகும்போதும் தப்பித்து வெளியேறும். இதன் சூடேற்றும் திறன் 273 மடங்கு. இரண்டையும் கண்ணாலும் மூக்காலும் பிடிக்க முடியாது. அதனால் அறிகுறிகளை வைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு

படுகையில் மூன்று வகை உண்டு. தண்ணீர் மேலே குளம்போலத் தெரியும் திறந்த படுகை. ஜல்லிக்குள் மறைந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் கிடைமட்டப் படுகை. மேலிருந்து விட்டுவிட்டு ஊற்றி, கீழே வடியவிடும் செங்குத்துப் படுகை. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2013 ஈரநில வழிகாட்டி இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கெழு கொடுத்திருக்கிறது. உள்ளே போகும் அழுக்கிலிருந்து அதிகபட்சம் உண்டாகக்கூடிய மீத்தேனில் எத்தனை பங்கு நிஜமாகவே வெளியேறும் என்பதுதான் அந்தக் கெழு. திறந்த படுகைக்கு 0.4, கிடைமட்டத்துக்கு 0.1, செங்குத்துக்கு 0.01.

சுமார் 100 பேர் குடியிருக்கும் கட்டடத்தில், செப்டிக் டேங்கைத் தாண்டி ஒரு நாளைக்கு 2 கிலோ பிஓடியும் (மக்கக்கூடிய அழுக்கின் அளவு) 1 கிலோ நைட்ரஜனும் படுகைக்கு வருகிறது என்று வையுங்கள். 1 கிலோ பிஓடிக்கு அதிகபட்சம் 0.6 கிலோ மீத்தேன். அப்படியானால் திறந்த படுகையில் நாளொன்றுக்கு 480 கிராம், கிடைமட்டத்தில் 120 கிராம், செங்குத்தில் 12 கிராம் மீத்தேன் வரும். அதே வழிகாட்டியின்படி வரும் நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக மாற்றிப் பார்த்தால் திறந்த படுகை சுமார் 13.5 கிலோ, கிடைமட்டம் சுமார் 6.6 கிலோ, செங்குத்து அரைக் கிலோவுக்கும் கீழே. கிடைமட்டத்தில் வரும் 6.6 கிலோவில் ஏறக்குறைய பாதி நைட்ரஸ் ஆக்சைடுடையது என்பதையும் கவனியுங்கள். மீத்தேனை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் மீதிப் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

இந்தக் கெழுக்களில் செடியின் பெயரே கிடையாது. அதற்காகச் செடியால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. செடி மூன்று வேலை செய்கிறது. இலையிலிருந்து வேருக்குக் காற்றை இறக்குகிறது. அதே தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழாய் வழியே அடியிலிருக்கும் மீத்தேனைப் புகைபோக்கிபோல மேலே அனுப்புகிறது. உதிரும் தழையாலும் வேர் கசியும் சாறாலும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுகிறது. முதல் வேலை மீத்தேனைக் குறைக்கும், இரண்டாவது கூட்டும், மூன்றாவது வேலை, இடத்தைப் பொறுத்து எப்படியும் போகும். ஒரே செடி ஒரு படுகையில் நல்லபெயரும் இன்னொரு படுகையில் கெட்டபெயரும் வாங்குவது இதனால்தான்.

அறிகுறி: ஜல்லிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, காலை வைத்தால் குமிழி வருகிறது

அதிகம் பார்க்கும் கோளாறு இது. அவசரமாகச் சரிசெய்ய வேண்டியதும் இதுதான். கிடைமட்டப் படுகையில் தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கீழேயே இருக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் நீங்கள் கட்டியது கிடைமட்டப் படுகை, ஓடிக்கொண்டிருப்பது திறந்த படுகை. கெழு 0.1இலிருந்து 0.4 பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியேறும் முனையிலிருக்கும், தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிக்கும் வளைந்த எல்போ பைப்பைப் பாருங்கள். யாராவது மேல்நோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். செடி வாடுகிறதே என்று தோட்டக்காரர் நல்லெண்ணத்தில் செய்திருப்பார். சாய்த்து மட்டத்தை இறக்குங்கள். ஒரு நாளில் மேலே நிற்கும் தண்ணீர் வடிந்துவிட்டால் வேலை முடிந்தது.

வடியவில்லை, நுழைவாயில் பக்கம் மட்டும் தேங்கி நிற்கிறது என்றால் அடைப்பு. ஒரு கம்பியை ஜல்லிக்குள் குத்திப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு மீட்டரில் கறுப்பாகக் கூழ்போலச் சேறு ஒட்டி வரும். செப்டிக் டேங்கில் சேறு நிறைந்து படுகைக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது. லாரி வரவழைத்து டேங்கைச் சுத்தம் செய்யாமல் படுகையில் கைவைப்பது வீண்வேலை. டேங்குக்குள் எக்காரணம் கொண்டும் ஆளை இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

டேங்க் சுத்தமானபின் நுழைவாயில் பக்கத்து ஜல்லியை வாரி அலசித் திரும்பப் போடுங்கள். பெரிய ஜல்லி அங்கே, சிறியது உள்ளே. இப்போதுதான் செடிக்கு வருகிறோம். நுழைவாயில் பக்கம் கல்வாழைக் கிழங்கு நெருக்கமாகப் பின்னிக்கொண்டு ஜல்லி இடுக்கையெல்லாம் அடைத்திருக்கும். அழுக்கு அதிகம் கிடைக்கும் இடத்தில் அது வெறியோடு வளரும். முதல் ஒரு மீட்டரில் செடியே வேண்டாம், வெறும் ஜல்லியாக விடுங்கள் என்பது என் யோசனை. அழகு கொஞ்சம் குறையும், ஆனால் வாரி அலசுவது சுலபம்.

இன்னொரு விஷயம். குமிழி வந்தாலே படுகை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். செப்டிக் டேங்குக்கு ஐபிசிசி கொடுக்கும் மீத்தேன் கெழு 0.5. ஒழுங்காக ஓடும் படுகையைவிட அதற்கு முன்னால் இருக்கும் டேங்க்தான் பெரும்பாலும் பெரிய குற்றவாளி. அதன் காற்றுப்போக்கிக் குழாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, செடியைத்தான் திட்டுகிறோம்.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம்

நாற்றம் வந்தால் மீத்தேன் என்று பலர் நினைக்கிறார்கள். நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. வடசென்னையில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. மீஞ்சூர் தொடங்கி எண்ணூர் வரை நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருக்கிறது. போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் சல்பேட்டும் இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மி.கி. சல்பேட் உண்டு. பத்தில் ஒரு பங்கு கலந்தாலும் 270 மி.கி. வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கும் துவைப்பதற்கும் பயன்படுத்தினால் அது அப்படியே படுகைக்கு வரும்.

சல்பேட் இருக்கும் இடத்தில் அதைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு முன்னால் தீனியைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் நாறும் படுகையில் மீத்தேன் குறைவாகவே இருக்கலாம். சந்தோஷப்படவும் முடியாது. சல்பைடு வேரைக் கருக்கும். கருகிய வேர் காற்றை இறக்காது. மழைக்காலத்திலோ மெட்ரோ தண்ணீர் லாரி வரும் நாட்களிலோ உப்பு குறைந்ததும், காற்றில்லாத அந்த அடிப்பகுதி மீத்தேனுக்குத் தயாராகக் காத்திருக்கும்.

ஒரு செடியை வேரோடு மெதுவாகப் பிடுங்கி, தண்ணீரில் ஒருமுறை அலசி, உடனே பாருங்கள். வேர்மேல் துருப்பிடித்ததுபோல ஆரஞ்சு, பழுப்புப் பூச்சு இருந்தால் வேர் ஆக்சிஜனைக் கசியவிடுகிறது என்று பொருள். கன்னங்கரேலென்று இருந்தால் அந்த ஆழத்தில் காற்றே இல்லை. பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு பழுப்பாக மாறி உங்களை ஏமாற்றிவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, நம்பகமான சோதனை இல்லை.

தண்ணீரில் ஆக்சிஜனேற்றச் சூழல் இருக்கிறதா இல்லையா என்பதை மில்லிவோல்ட்டில் காட்டும் ஓஆர்பி மீட்டர் இருந்தால் அதையும் இறக்கிப் பாருங்கள். மீத்தேன் வழக்கமாக மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்குக் கீழேதான் உண்டாகும் என்று படித்திருப்பீர்கள். கடையில் கிடைக்கும் மீட்டர் காட்டும் எண்ணோடு சுமார் 200ஐக் கூட்டினால்தான் அந்தப் புத்தக அளவுகோலுக்கு வரும். மீட்டர் மைனஸ் 250 காட்டியதும் பதறுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

உப்பு இருக்கும் இடத்தில் செடியை மாற்றுவது நியாயமான தீர்வு. கல்வாழைக்கு உப்பு ஆகாது. இலை ஓரம் கருகினால் அதுதான் முதல் எச்சரிக்கை. நாணல் உப்பைத் தாங்கும், வெட்டிவேரும் ஓரளவு தாங்கும். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் என்றால் யோசிக்காமல் நாணல் என்பேன். மாதவரம், கொளத்தூர் பக்கம் தண்ணீர் நன்றாக இருந்தால் கல்வாழையே போதும்.

அறிகுறி: செடி காடுபோல வளர்கிறது, ஆனால் வெளிவரும் தண்ணீரில் அம்மோனியா குறையவில்லை

"செடி சூப்பரா இருக்கு சார், அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். மேலே இருக்கும் பச்சை கீழே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

கலிபோர்னியாவின் சான்டீ நகரில் 1980களில் செய்த ஒரு சோதனையை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரே மாதிரிப் படுகைகள், ஒரே கழிவுநீர், செடி மட்டும் வேறு. உள்ளே போன தண்ணீரில் லிட்டருக்கு 24.7 மி.கி. அம்மோனியா. செடியே இல்லாத படுகையிலிருந்து 22.1 மி.கி.யாக வெளியே வந்தது. சம்பு என்ற நீர்ப்புல் நட்டதில் 17.7, நாணல் நட்டதில் 5.3, அங்கத்திய கோரை வகை ஒன்று நட்டதில் 1.4. வேரின் ஆழத்தைப் பார்த்தால் விஷயம் புரிகிறது. சம்பு வேர் 30 செ.மீ.யோடு நின்றது. நாணல் 60 செ.மீ.க்கு மேல் போயிருந்தது. கோரை 76 செ.மீ. வரை இறங்கியிருந்தது. சம்புப் படுகையில் 30 செ.மீ.க்குக் கீழே ஓடிய தண்ணீர் செடியைச் சந்திக்கவே இல்லை.

அவர்கள் அளந்தது மீத்தேனை அல்ல. ஆனால் வேர் எட்டாத அந்த அடித்தட்டு, காற்றே இல்லாத ஒரு நீளமான தொட்டி. மீத்தேன் உருவாக அதைவிட வசதியான இடம் வேண்டுமா? அங்கே உருவாவது மேலே வரும்போது ஆக்சிஜன் கசியும் வேர்களைச் சுற்றி இருக்கும் பாக்டீரியாக்கள் ஒரு பகுதியைத் தின்றுவிடும். வேர் அடர்த்தியாகவும் உயிரோடும் இருந்தால் நிறையத் தின்னும். அடியில் சேறு கனமாக இருந்தால் சமாளிக்க முடியாது. அப்போது அதே செடியின் தண்டு புகைபோக்கி வேலையை மட்டும் செய்யும்.

நாணல், சம்பு இரண்டுக்கும் ஒரு தனித் திறமை உண்டு. வெயில் பட்டதும் இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் கூடி, அது கிழங்குக்குள் இறங்கி, பழைய தண்டு வழியாகவும் ஒடிந்த தண்டு வழியாகவும் வெளியே போகும். போகும்போது மீத்தேனையும் அழைத்துக்கொண்டு போகும். அழுக்கு குறைவாக வரும் படுகையில் இந்தக் காற்றோட்டம் லாபம். சேறு மண்டிய படுகையில் நஷ்டம். ஆக நாணல் நல்லதா கெட்டதா என்று கேட்டால், செப்டிக் டேங்கை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

படுகையில் குழி தோண்டி வேரின் ஆழத்தை அளந்து பாருங்கள். கல்வாழை வேர் 25 செ.மீ.யில் நிற்கிறது, தண்ணீர் 60 செ.மீ. ஆழம் இருக்கிறது என்றால் செடியை மாற்ற வேண்டியதில்லை, தண்ணீரைக் குறைக்கலாம். ஸ்பெயினில் 27 செ.மீ. ஆழத்துப் படுகையையும் 50 செ.மீ. ஆழத்துப் படுகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆழம் குறைந்ததுதான் நன்றாகச் சுத்திகரித்தது. எல்போவைச் சாய்த்து மட்டத்தைப் படிப்படியாக இறக்குங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கொஞ்சம் கீழே வரும். கட்டிடத்துக்குப் புதிதாக ஆட்கள் வந்து தண்ணீர் வரத்து கூடியிருந்தால் இது உதவாது. அப்போது நாணல்தான்.

வெட்டிவேர் பற்றி ஒரு வார்த்தை. மண்ணில் அதன் வேர் பல அடி இறங்கும் என்பது உண்மை. தண்ணீர் தேங்கிய ஜல்லியில் அந்த அளவுக்கு இறங்காது. செங்குத்துப் படுகையில், மேலே காற்றோட்டமான ஜல்லியில் வைத்தால் நன்றாக இருக்கும். எதற்கெடுத்தாலும் வெட்டிவேர் என்று விற்பவர்கள் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செடியை அறுத்த பிறகு நிலைமை மோசமானது

ஐரோப்பிய வழிகாட்டிகளில் குளிர்காலத்தில் நாணல் காய்ந்ததும் அறுக்கச் சொல்லியிருப்பார்கள். நமக்கு அந்தக் காலமே கிடையாது. இங்கே நாணல் மொத்தமாகக் காய்வதில்லை. வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழை உதிர்ந்துகொண்டே இருக்கும். வெப்பமும் வருடம் முழுக்க இருப்பதால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கும் விடுமுறை இல்லை. அதனால் அறுப்பு அவசியம். எப்படி அறுக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

மொத்தப் படுகையையும் ஒரே நாளில் தரைமட்டமாக அறுத்தால், இலையிலிருந்து வேருக்குப் போகும் காற்று ஒரே நாளில் நின்றுவிடும். வேர் மூச்சுத் திணறி அழுகும். அறுத்த தண்டின் மேல் தண்ணீர் ஏறிவிட்டால் செடியே செத்துவிடும். மூன்றில் ஒரு பங்காக, பட்டை பட்டையாக அறுங்கள். ஒரு பட்டை தழைத்த பிறகு அடுத்தது. அரிவாள் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாணாவது மேலே ஓட வேண்டும். நாணலில் காய்ந்த தண்டுகள் சில நிற்கட்டும். காற்றடிக்கும்போது அவை வழியாகக் கிழங்குக்குக் காற்றோட்டம் தொடரும். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று குடியிருப்புச் சங்கத்தில் யாராவது சொல்வார்கள். பேசிப் புரியவைக்க வேண்டியதுதான்.

கல்வாழைக்கு வேறு முறை. அது வேகமாக வளர்ந்து நைட்ரஜனை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். பூத்து முடிந்த தண்டைத் தனித்தனியாக அடியோடு வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தால், உறிஞ்சியதும் படுகையை விட்டு வெளியேறும். வெட்டாமல் விட்டால் அந்தத் தடித்த இலைகள் அப்படியே விழுந்து, ஜல்லிமேல் ஈரமாக மக்கி, எடுத்த நைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

அறுத்ததை எங்கே போடுகிறீர்கள்? படுகையின் மூலையில் குவித்து வைத்தால் அந்தக் குவியலுக்குள்ளேயே காற்றில்லாமல் மக்கி மீத்தேன் கிளம்பும். குப்பை வண்டியில் போட்டால் அது கொடுங்கையூர் குப்பைமேட்டில் போய் அதையே செய்யும். சின்னதாக நறுக்கி, காய்ந்த இலையோடு கலந்து, கம்பிவலைக் கூண்டில் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் உரமாகிவிடும். செடித் தேர்வில் இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அறுத்ததைப் போட இடம் இருக்கிறதா? இடமில்லாத நெருக்கமான குடியிருப்பில், வாரக்கணக்கில் மலைபோலத் தழை கொடுக்கும் செடி உங்களுக்கு வேண்டாம்.

அறிகுறி: அம்மோனியா போய்விட்டது, நைட்ரேட் எகிறுகிறது

செங்குத்துப் படுகை வைத்திருப்பவர்களின் பிரச்சினை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் கிட் போதும். காகிதப் பட்டையைவிடச் சொட்டு மருந்து வகை நம்பகமானது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் வடிகட்டிவிட்டுப் பாருங்கள்.

அம்மோனியா இல்லை, நைட்ரேட் நிறைய என்றால் படுகையில் காற்று தாராளமாக இருக்கிறது, மீத்தேன் கவலை இல்லை. ஆனால் நைட்ரஜன் போகவில்லை, உருவம்தான் மாறியிருக்கிறது. அந்தத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்கோ ஓட்டேரி நல்லா ஓடைக்கோ போனால், ஆக்சிஜன் இல்லாத அந்த நீரில் அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். 2019 ஐபிசிசி திருத்தத்தின்படி இப்படிப்பட்ட கெட்டுப்போன நீர்நிலைக்கு நைட்ரஸ் ஆக்சைடு கெழு 0.019, அதாவது போகும் நைட்ரஜனில் 1.9 சதவீதம் அப்படி வெளியேறும். மேலே போட்ட கணக்கின் 1 கிலோ நைட்ரஜன் முழுவதும் அங்கே போனால் நாளொன்றுக்கு 8 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான பாதிப்பு. கிடைமட்டப் படுகை மொத்தமாக வெளிவிடுவதைவிட அதிகம்! செங்குத்துப் படுகையின் அரைக் கிலோவைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்பவர்கள் தங்கள் வேலிக்கு வெளியே பார்ப்பதில்லை.

நைட்ரைட்டும் சேர்ந்து தெரிந்தால் அது வேறு சமிக்ஞை. மாற்றம் பாதியில் நிற்கிறது, நைட்ரஸ் ஆக்சைடு உங்கள் படுகையிலேயே கிளம்பிக்கொண்டிருக்கலாம்.

வெளியேறும் தண்ணீரில் ஒரு பகுதியை, பாதி வரைகூட, செப்டிக் டேங்குக்கே திருப்பி அனுப்புங்கள். அங்கே தீனியும் இருக்கிறது, ஆக்சிஜனும் இல்லை. நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகப் போகும். நைட்ரேட் வருவதால் டேங்கில் மீத்தேன் உற்பத்தியும் தணியும். அது முடியாத இடத்தில் படுகையின் அடியில் 20 முதல் 30 செ.மீ. வரை தண்ணீர் தேங்கும்படி வெளியேற்றக் குழாயை உயர்த்துங்கள். இந்தத் தேங்கிய தட்டுக்கு வேரின் சாறும் மக்கிய வேரும்தான் தீனி. ஆழமாக வேர்விடும் நாணல் அங்கே உதவும். மேலோட்டமாக நிற்கும் செடி உதவாது. நைட்ரஜனை மாற்றத் தேவையான கரிமம் குறைந்தால் வேலை மறுபடியும் நைட்ரஸ் ஆக்சைடோடு நின்றுவிடும்.

அறிகுறி: கேஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

காட்டத்தான் செய்யும். பாதுகாப்புக்காக வைத்திருக்கும் கேஸ் மீட்டர், மீத்தேன் தீப்பிடிக்கும் அளவான 5 சதவீதத்தை நூறாக வைத்துக் காட்டும் கருவி. அதில் 1 என்று தெரியவே 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வேண்டும். சாதாரணக் காற்றில் இருப்பது 2 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவு. இடையில் இருக்கும் எதுவும் அதன் கண்ணில் படாது. மேன்ஹோல் திறக்கும்போது உயிரைக் காப்பாற்ற அது வேண்டும். படுகையின் வாயுவை அளக்க உதவாது.

நிஜமாகவே அளக்க வேண்டும் என்றால் ஒரு பக்கம் மட்டும் வெட்டித் திறந்த டிரம்மைக் கவிழ்த்து ஜல்லிக்குள் பதித்து, 0, 10, 20, 30 நிமிடங்களில் சிரிஞ்சால் காற்று எடுத்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் உள்ள கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். செடியை விட்டுவிட்டு நடுவில் வெறும் ஜல்லிமேல் டிரம் வைத்தால் தண்டு வழியே போவது கணக்கில் வராது. செடியையும் உள்ளே அடக்கும் உயரம் வேண்டும். விடியற்காலையில் ஒருமுறை, வெயில் ஏறியபின் ஒருமுறை எடுங்கள். சம்பு, நாணலில் பகலில்தான் வாயு அதிகம் போகும். காலை ஆறு மணி எண்ணை மட்டும் வைத்து அறிக்கை எழுதினால் அது படுகைக்குக் கொடுக்கும் சலுகை.

சின்னச் சின்ன அறிகுறிகள்

திறந்த படுகையை ஆகாயத்தாமரை மூடிவிட்டது என்றால், அது தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே போட்ட கம்பளம். செத்து மூழ்கினால் அடியில் மீத்தேனுக்குத் தீனி. வாரி வெளியே போடுங்கள். அழகுக்காக என்று யாரும் திரும்பக் கொண்டுவந்து விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் படுகை மே மாத விடுமுறையில் காய்ந்துபோய், ஜூனில் திடீரென்று தண்ணீர் வந்தால் சில நாட்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடு குபீரென்று கிளம்பும். விடுமுறையிலும் கொஞ்சம் தண்ணீரைச் சுற்றவிட்டு ஈரமாகவே வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் படுகை மூழ்கினால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் நடந்ததுபோல, வெள்ளம் வடிந்ததும் மேலே படிந்த வண்டலை முதலில் வழித்தெடுங்கள். வண்டல் காய்ந்து இறுகினால் ஜல்லிக்குக் காற்று போகாது. தண்ணீருக்கு மேல் தலை தெரியும் நாணலைத் தொடாதீர்கள், அது பிழைத்துக்கொள்ளும்.

சரி, செடியை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

மட்டம் சரி, டேங்க் சுத்தம், வேர் இன்னும் கறுப்பு. இப்போது மாற்றலாம். கிழங்கை நர்சரியிலிருந்தோ நன்றாக ஓடும் இன்னொரு படுகையிலிருந்தோ வாங்குங்கள். கால்வாய்க் கரையிலிருந்து பிடுங்கி வந்தால் அதன் எண்ணெயும் சேறும் கூடவே வரும்.

பல செடிகளைக் கலந்து நட்டால் வாயு குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கலவையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆழ வேர் ஒன்று, மேல்வேர் ஒன்று என்று சேர்த்தால் அர்த்தமிருக்கிறது. நாணலும் கல்வாழையும் அப்படி ஒரு ஜோடி. ஆனால் நாணல் சில வருடங்களில் கல்வாழையை ஓரங்கட்டிவிடும். இடையில் ஒரு தகடு புதைத்துப் பிரித்து வையுங்கள். சம்பை நானாகக் கொண்டுவந்து நடமாட்டேன். அது அழையாமலே வந்து சேரும். வந்தால் கிழங்கோடு எடுங்கள்.

மாற்றும் வேலையைத் தை மாதத்தில் வையுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. வெளியேறும் முனையிலிருந்து தொடங்கி நுழைவாயிலை நோக்கி ஒரு பட்டையாக நடுங்கள். வெளியேறும் முனையில்தான் தண்ணீர் சுத்தமாக இருக்கும், இளம் கிழங்கு தாங்கும். புதிய தளிர் முழங்கால் உயரம் வரும்வரை தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்தை ஒட்டியே இருக்கட்டும். அதன்பிறகு வாரத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் என்று எல்போவைச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். பழைய வரிசையை அதுவரை பிடுங்க வேண்டாம்.